கேமராவைப் பார்க்கிறவள்

கல்யாணப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகிலாம்பாளுக்கு எரிச்சல் வந்தது. மடியில் விரித்திருந்த நோட்டில், இருட்டில் கை போன போக்கில், 'கல்யாணக் காட்சி. கூட்டத்தில் ஒரு பெண் கேமராவைப் பார்க்கிறாள். டைரக்டர் கவனிக்கவில்லை' என்று கிறுக்கினாள். நிமிர்ந்தபோதும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டம் போட்ட சேலை, எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை, முப்பது என்றும் சொல்லலாம் ஐம்பது என்றும் சொல்லலாம் என்கிற முகம். தாலி கட்டி முடிந்து, அட்சதை விழுந்து, கதாநாயகி குனிந்து கண்ணீர் விடுகிற வரைக்கும் அவள் இமைக்கவே இல்லை.

எரிச்சலுக்கு அது மட்டும் காரணமில்லை. இருபது வருஷத்துக்கு முந்தின அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் இடைவேளைக்குள் இரண்டு தரம் அறுந்துவிட்டது. ஆபரேட்டர் ஒரு பாட்டையே விழுங்கிவிட்டார். மே மாத வெயிலில் அருப்புக்கோட்டைத் தியேட்டரின் தகரக் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே இருந்த இடுப்பளவுச் சுவரைத் தாண்டி பீடிப் புகை வந்து, இந்தப் பக்கத்து வேர்வையோடும் வாடின மல்லிகையோடும் கலந்து தொண்டையைக் கவ்வியது. தலைக்கு மேலே ஓடிய ஒரே மின்விசிறி சுற்றுக்கு ஒருதரம் எதிலோ உரசிக் 'கிரிச்' என்றது.

கோகிலாம்பாள் திருச்சுழியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வயது முப்பத்தொன்று. மூன்று வருஷமாக மதுரையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு சினிமா விமர்சனம் எழுதி அனுப்புகிறாள். அச்சில் வருவது அவள் பெயரில் இல்லை. 'பெண் பெயர் போட்டால் வாசகர்கள் ஒரு மாதிரி நினைப்பார்கள்' என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால், அண்ணன் சங்கரபாண்டியன் பெயரில் வருகிறது. அருப்புக்கோட்டையில் நூல்கடை வைத்திருக்கும் அண்ணன் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் பாராட்டினால் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வான்.

இந்த 1971 கோடை லீவில்தான் ஒரு வழி பிறந்தது. அண்ணன் ஊர்த் தியேட்டரில் பத்து நாளில் பத்துப் படம், பழசு ஒன்று புதுசு ஒன்று என்று மாற்றி மாற்றி ஓட்டப்போவதாகத் தட்டி வைத்திருந்தார்கள். 'பத்தையும் பார்த்துப் பத்துக்கும் எழுதுங்கள். நன்றாக அமைந்தால் ஜூன் முதல் தங்கள் பெயரிலேயே தொடர் பகுதி தருகிறேன்' என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறி வந்தாள்.

தனியாக சினிமாவுக்குப் போகிறாள் என்று நாலு பேர் பேசக் கூடாது என்பதற்காக, மதினி ராமலட்சுமியையும் அண்ணன் துணைக்கு அனுப்பினான். மதினி பிள்ளைகளை எம்.ரெட்டியபட்டியில் தன் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்ததால் அவளுக்கும் பகலில் வேலை குறைவு. எழுத்துப் போடும்போதே கண்ணயர்ந்து, இடைவேளைக்கு விழித்து, மறுபடி கண்ணயர்ந்து, 'வணக்கம்' போடும்போது 'நல்ல படம்' என்பாள். இடைவேளையில் கோகிலாம்பாள் வெளிச்சம் தேடி வராந்தாவுக்கு ஓடிவிடுவாள். கிறுக்கியதை எல்லாம் அங்கே நின்றபடி ஒழுங்காக எழுதுவாள்.

அன்று சாயங்காலத் தபாலில் முதல் விமர்சனம் போனது. 'இவ்வளவு செலவு செய்து படமெடுத்தவர்கள், கூட்டத்தில் ஒருத்தியைப் பிடித்து வெளியே அனுப்பியிருக்க முடியாதா?' என்று முடித்திருந்தாள்.

மறுநாள் புதுப்படம். முழுக்கக் கலர். ரயில்வே ஸ்டேஷனில் கதாநாயகன் பச்சைச் சட்டையும் சிவப்புக் கைக்குட்டையுமாக ஓடி வருகிறான். பிளாட்பாரத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அவள். அதே கட்டம் போட்ட சேலை, அதே முகம், அதே பார்வை.

முதலில் கோகிலாம்பாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. துணை நடிகை பாவம், இருபது வருஷமாகியும் இன்னும் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. இருபது வருஷத்தில் ஒரு நரை கூட விழவில்லை. அதோடு இன்னொன்று. ரயில் பெட்டி பழுப்புச் சிவப்பாக இருந்தது, மூட்டைகள் மஞ்சளாக இருந்தன, பக்கத்தில் இருந்த கிழவியின் ரவிக்கை நீலமாக இருந்தது. அவள் மட்டும் சாம்பலாக இருந்தாள். சேலை, கை, உதடு எல்லாமே கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து கத்தரித்து ஒட்டின மாதிரி.

"மதினி, மதினி! அங்க பாருங்க" என்று உலுக்கினாள்.

ராமலட்சுமி கண்ணைத் திறப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது.

"எங்க?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."

அதையும் எழுதினாள். 'படச்சுருளில் ஏதோ கோளாறு' என்று சேர்த்துக்கொண்டாள். எழுதும்போது பேனா கசிந்து விரலெல்லாம் மையாகிவிட்டது.

மூன்றாம் நாள் ராஜா ராணி படம். அரசவையில் தோழிப் பெண்கள் கூட்டத்தில், நகை நட்டு இல்லாமல், கட்டம் போட்ட சேலையோடு அவள் இருந்தாள். நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் காட்சியில், வராந்தா பெஞ்சில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னால். ஒவ்வொரு நாளும் முகம் கொஞ்சம் பெரிதாக. கோகிலாம்பாள் இப்போது கதையையே பார்க்கவில்லை. கூட்டம் வருகிற காட்சி எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்ததும் எங்கே என்று தேடினாள். தேட வேண்டியதே இல்லை, பார்வை தானாகப் போய் அங்கே விழுந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஆசிரியரின் கார்டு வந்தது.

'தாங்கள் குறிப்பிடும் பெண்ணைத் தேடி நானும் உதவியாசிரியரும் அந்தக் கலர் படத்தை மதுரையில் போய்ப் பார்த்தோம். ரயில்வே ஸ்டேஷன் காட்சியில் அப்படி யாரும் இல்லை. திரையில் இருப்பதை எழுதுங்கள். இல்லாததை எழுத நம்மிடம் தொடர்கதை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.'

கார்டு ஆனபடியால் தபால்காரரும் படித்திருப்பார், அண்ணனும் படித்துவிட்டான்.

"என்னத்தா, எம் பேருல கதை வுட ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான்.

"அண்ணே, நான் கண்ணால பாத்தேன்."

"வெயில்ல தகரக் கொட்டாயில உக்காந்தா எல்லாந்தான் தெரியும். மோரக் குடிச்சிட்டுப் போ."

கோகிலாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷம் ஒரு வரி பொய் எழுதாதவள். பாடாவதிப் படம் என்றால் பாடாவதி என்றே எழுதினவள். அன்றைக்கு மத்தியானம் பழைய படத்தில் கோர்ட்டுக் காட்சி வந்தது. பார்வையாளர் பெஞ்சில், இரண்டு பெண்களுக்கு நடுவில், சாம்பல் முகம் நேராக அவளைப் பார்த்தது. அன்று இடைவேளையில் எழுதவில்லை. படம் முடிந்ததும், "நீங்க வாசல்ல நில்லுங்க மதினி" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டு இரும்புப் படியில் ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனாள்.

ஆபரேட்டர் இன்பராஜ் பனியனோடு நின்று ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார். புரொஜெக்டர் விளக்கில் எரிந்த கார்பன் குச்சியின் வாடை மூக்கைக் குத்தியது.

"டீச்சர், இங்க பொம்பளைக எல்லாம் வரப்புடாது."

"அந்தக் கோர்ட்டு சீன ஒரு தடவ கையில காட்டுங்க. போயிருதேன்."

முணுமுணுத்துக்கொண்டே தேடி எடுத்துக் கொடுத்தார். கோகிலாம்பாள் பிலிமை ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்து, அவர் கொடுத்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நகத்தளவு கோர்ட்டு. நகத்தளவு ஜட்ஜு. பெஞ்சில் அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். நடுவில் யாரும் இல்லை. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த இரண்டு பெண்களும், யார் மேலோ பட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, தங்கள் முந்தானையை இழுத்து ஒடுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த எடம் ஏன் காலியா கெடக்கு?"

இன்பராஜ் எட்டிப் பார்த்தார். "காலியா கெடந்தா காலி. இதுல என்ன இருக்கு? குடுங்க டீச்சர், அடுத்த ஆட்டத்துக்கு நேரமாச்சு."

அன்றைய விமர்சனத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வசனம், இசை, நடிப்பு, முற்றும். படித்துப் பார்த்தாள். யாரோ எழுதின மாதிரி இருந்தது. இருந்தாலும் அனுப்பினாள். இன்னும் ஐந்து படம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் ஜூனில் தன் பெயர்.

ஆறாம் நாள் திரையின் மூலையை மட்டும் பார்த்தாள். அந்தச் சாம்பல் முகம் மூலைக்கு வந்திருந்தது. ஏழாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு வசனத்தை மட்டும் கேட்டாள். ஒரு கட்டத்தில் வசனம் எல்லாம் அடங்கி, யாரோ மூக்கால் மெதுவாக மூச்சு விடுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. பதறிக் கண்ணைத் திறந்தபோது கதாநாயகன் பாடிக்கொண்டிருந்தான். எட்டாம் நாள் தாயார் சாகிற காட்சி. கட்டிலைச் சுற்றி அழுகிறவர்களுக்கு முன்னால், படத்துக்கும் கோகிலாம்பாளுக்கும் நடுவே, சாம்பல் முகத்தில் பாதி திரையின் ஓரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண் ஒரு வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. சுற்றிலும் எல்லோரும் மூக்கைச் சிந்தி அழுதார்கள். அந்தக் கண் வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அடுப்படியில் மதினி வெண்டைக்காய் நறுக்க, கோகிலாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நாளையிலிருந்து நான் படத்துக்குப் போகல."

"ஏன்? இன்னும் ரெண்டுதான இருக்கு?"

"முடியல. தலை கிறுகிறுங்குது."

ராமலட்சுமியின் முகம் வாடியது. "அடடா, அந்த அக்கா கேப்பாகளே."

"எந்த அக்கா?"

"நமக்குப் பின்னால உக்காருவாகளே. நீ இடைவேளையில வெளிய போனதும் எங்கூடத்தான் பேசிக்கிட்டு இருப்பாக. பாவம், என்ன சீக்கோ தெரியல, மூஞ்சி கையெல்லாம் சாம்பல் பூசுன மாதிரி வெளிறிக் கெடக்கு. கட்டம் போட்ட சேல ஒண்ணுதான் தெனமும். வேற இல்ல போல."

முறத்தில் கம்பு சரிந்து நின்றது.

"என்ன பேசுவாக?"

"என்னத்தப் பேசப்போறாக. மொத நாளு கடைசி பெஞ்சில இருந்தாக. அங்கேருந்தே நாளைக்கும் வருவீகளான்னு கேட்டாக. பத்து நாளும் வருவோம்னேன். அப்ப நான் தெனம் ஒரு பெஞ்சு முன்னால வந்துக்கிறேன்னாக. நேத்து நமக்கு நேர் பின்னால."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு நீ வெளிய போனதும் ஒன் எடத்துலயே வந்து உக்காந்துக்கிட்டாக. நீ உள்ள வாரப்பத்தான எந்திரிச்சாக. நீ பாக்கலயா?"

கோகிலாம்பாள் பார்க்கவில்லை. ஆனால் இடைவேளை முடிந்து உட்கார்ந்தபோது பெஞ்சு பலகை ஜில்லென்று இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. அந்த வெயிலில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, கிணற்றுக்குள்ளிருந்து எடுத்துப் போட்ட மாதிரி.

"எத்தனையோ வருசமா ஒத்தையிலயே உக்காந்திருக்கேன், தொணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்னாக. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றாள் ராமலட்சுமி, காயை நறுக்கியபடி.

"மதினி. நீங்களும் இனிமே அங்க போகக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"ஏய், நான் எதுக்குத் தனியா போறேன்? ஒனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

சாப்பாட்டு நேரத்தில் அண்ணனிடம் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "அந்த ஆசிரியரு ஒம் பேரப் போட மாட்டேன்னுட்டாரா? அதுக்கா இம்புட்டுக் கதை?" என்று கையைக் கழுவ எழுந்துவிட்டான். தட்டைத் தூக்கி எறியலாமா என்று இருந்தது கோகிலாம்பாளுக்கு.

படுத்தும் கண் மூட முடியவில்லை. ஒன்பதாம் நாள் மத்தியானம் சாப்பிட்ட அசதியில் தலை சாய்த்தவள் எப்போது தூங்கினாள் என்று தெரியாது. விழித்தபோது வீடு சத்தமில்லாமல் கிடந்தது. கடிகாரத்தில் மூன்றரை. அடுப்படியில் மதினி இல்லை. கொல்லையிலும் இல்லை.

வாசலில் பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினியப் பாத்தீகளா அக்கா?"

"அவ அப்பவே சினிமாவுக்குப் போயிட்டாளே. நீ தூங்குறேன்னு எழுப்பலயாம். யாரோ அக்கா வாசல் வரைக்கும் வந்து கூப்புட்டாகன்னா. நான் யாரையும் பாக்கலம்மா. அவதான் பேசிக்கிட்டே போனா."

கோகிலாம்பாள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். தார் ரோடு உள்ளங்காலைத் தீய்த்தது. கரிசல் காட்டுப் பக்கமிருந்து சுழன்று வந்த காற்று கண்ணிலும் வாயிலும் மண்ணை அள்ளிப் போட்டது. நெசவுக்காரத் தெருவில் தறிச் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. எல்லாம் வழக்கம்போல இருந்தது. அதுதான் தாங்கவில்லை. டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் மூடியிருந்தது. வாசல்காரர், "டீச்சர், பாதிப் படம் போயிருச்சே" என்றார். பதில் சொல்லாமல் கறுப்புத் திரைச்சீலையை விலக்கி உள்ளே நுழைந்தாள்.

இருட்டு. வெயிலில் வந்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேளச் சத்தம். ஏதோ பழைய படம், திருவிழாக் காட்சி. சுவரைத் தடவித் தடவிப் போனாள். ஒரு பெஞ்சு. இரண்டு பெஞ்சு. வழக்கமான பெஞ்சின் ஓரத்தில் தெரிந்த தோள். தெரிந்த கொண்டை.

"மதினி, எந்திரிங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

கையைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

அப்போது கரண்டு போனது.

மேளம் இழுத்து, முனகி, நின்றது. மின்விசிறி கடைசியாக ஒருதரம் உரசி ஓய்ந்தது. ஆண்கள் பக்கம் விசிலடித்தார்கள். மேலே ஆபரேட்டர் அறையில் இன்பராஜ், "எஞ்சினப் போடுறா" என்று யாரையோ வைதார். பக்கக் கதவுகளைப் படீர் படீரென்று திறந்துவிட்டார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டே காற்று வாங்க வெளியே போனார்கள். பெண்களும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

மத்தியான வெயில் பெஞ்சின் மேல் விழுந்தது. பெஞ்சின் பச்சைப் பெயிண்ட் தெரிந்தது. சுவரில் வெற்றிலை எச்சிலின் சிவப்பு தெரிந்தது. தன் கையில் இருந்த ரப்பர் வளையலின் நீலம் தெரிந்தது.

மதினி திரும்பினாள்.

நெற்றியில் குங்குமம் சாம்பலாக இருந்தது. தலையில் கனகாம்பரம் சாம்பலாக இருந்தது. உதடு, பல், நாக்கு எல்லாம் சாம்பல். கண் இமைக்கவில்லை.

"உக்காரு கோகிலா" என்றது, மதினியின் குரலில். "இன்னும் ஒரு படம் பாக்கி இருக்குல்ல."

கோகிலாம்பாள் கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். கால் நகரவில்லை. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பினாள். எதிரே திரை.

கரண்டு இல்லை. மேலே ஆபரேட்டர் அறை ஓட்டையில் வெளிச்சம் இல்லை. கதவெல்லாம் திறந்து வெயில் கொட்டிக் கிடக்கிறது.

திரையில் படம் இருந்தது.

கறுப்பு வெள்ளைத் திருவிழா. ஆயிரம் பேர் முதுகைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் தேர் வடம் பிடித்து இழுத்தார்கள். அந்த நரைத்த கூட்டத்துக்கு நடுவில், சிவப்புக் குங்குமமும் செம்மஞ்சள் கனகாம்பரமும் மாம்பழ நிறச் சேலையுமாக, ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

ராமலட்சுமி.

வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை. பூட்டிய கதவைத் தட்டுவது போல இரண்டு உள்ளங்கையாலும் திரையை உள்ளேயிருந்து தட்டினாள். வெள்ளைத் துணி அதிரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர் நகர்ந்தது. கூட்டம் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு போக, கன்னம் துணியோடு துணியாக அழுந்த, அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.